வெள்ளத்தில் காப்பாற்றிய குழுக்களும் அத்திமூரும்: இந்த வேகத்தை என்ன செய்வது?

#1 அடையாறுக்கரை

பருவமழை நெருங்குகிறது. 2015 சென்னை வெள்ளத்தின் நினைவு வருகிறது. சமூக வலைத்தளங்களால் நன்மையா தீமையா என்று பட்டிமன்றம் நடத்த இந்த இழையைத் தொடங்கவில்லை. எனக்குக் குறிப்பான ஒரு கேள்வி இருக்கிறது.

2015 டிசம்பரில் சென்னையில் மொட்டை மாடிகளில் நின்றவர்களிடம் படகைக் கொண்டுபோய்ச் சேர்த்ததில் வாட்ஸ்அப் ஃபார்வர்டுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் அத்திமூர் பக்கம், குலதெய்வக் கோயிலைத் தேடி வந்த ஒரு மூதாட்டியை ஊர் கூடி அடித்துக் கொன்றதற்குக் காரணமும் வாட்ஸ்அப் ஃபார்வர்டுகள்தான். இரண்டுக்கும் நடுவில் இரண்டரை ஆண்டுகூட இல்லை. அதே செயலி, அதே மாநிலம், நம்மைப் போன்ற அதே மனிதர்கள். எது மாறியது?

வெள்ளத்தின்போது நடந்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. கொட்டியது. அன்று இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்தார்கள். முடிச்சூர், ஈக்காட்டுத்தாங்கல், ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் எல்லாம் மூழ்கின. ஊழியர்கள் மறைமலை நகர் அச்சகத்துக்குப் போய்ச் சேர முடியாததால், 1878-லிருந்து வந்துகொண்டிருக்கும் தி இந்து நாளிதழே மறுநாள் அச்சாகவில்லை. விமான நிலையம் 6ஆம் தேதி வரை மூடிக் கிடந்தது. அப்போது கைகொடுத்தது ட்விட்டரில் ஓடிய ‘சென்னை ரெயின்ஸ் ஹெல்ப்’ ஹேஷ்டேக்கும், யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய கூகுள் ஷீட்டுகளும், வாட்ஸ்அப் குழுக்களும்.

தண்ணீர் ஏறாத ஒரு வீட்டில் உட்கார்ந்து அந்த ஷீட்டில் வேலை பார்த்தவர்களில் நானும் ஒருவன். எங்கள் வேலையில் பெரும்பகுதி பகிர்வது அல்ல, போன் செய்வது. "முதல் மாடியில் நிறைமாத கர்ப்பிணி, உடனே படகு வேண்டும்" என்று ஒரு தகவல் வரும். அதில் உள்ள எண்ணுக்கு அழைப்போம். கிடைத்தால் எத்தனை பேர், எந்தத் தளம், தண்ணீர் எவ்வளவு, எந்தத் தெரு வழியாக வரலாம் என்று கேட்டு, பேசிய நேரத்தையும் எழுதி வைப்போம். பல அழைப்புகளில் "நேத்தே வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க சார், இன்னும் போன் வந்துட்டே இருக்கு" என்பார்கள். மீட்கப்பட்டவரின் பெயரில் அந்த வேண்டுகோள் நாள்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும். இருந்த படகுகளோ சொற்பம். ஆள் இல்லாத வீட்டுக்கு ஒரு படகு போனால், ஆள் இருக்கும் வேறொரு வீட்டுக்கு அது போகவில்லை என்று அர்த்தம்.

அதே நாட்களில் பொய்யும் சுற்றியது. கிழக்குக் கடற்கரைச் சாலை முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்றார்கள். நாசா எச்சரித்திருக்கிறது, இதைவிடப் பெரிய மழை வருகிறது என்றார்கள். முதலைப் பண்ணை மறுத்தது. மழை விஷயத்தில் தமிழ்நாடு வெதர்மேன் பிரதீப் ஜான் போன்றவர்கள் பொறுமையாகத் தமிழிலும் ஆங்கிலத்திலும் விளக்கிக்கொண்டே இருந்தார்கள். மக்கள் கேட்டார்கள்.

என் எண்ணம் இதுதான்: 2015-ல் நம்மைக் காப்பாற்றியது வேகம் அல்ல. வேகம் 2018-லும் இருந்தது. 2015-ல் ஒவ்வொரு தகவலுக்கும் பின்னால் திருப்பி அழைத்துக் கேட்க ஓர் ஆள் இருந்தார். 2018-ல் அந்த ஆள் இல்லை. உங்கள் ஊர் அனுபவத்தை எழுதுங்கள்.

#2 மாலைநேரம்

நல்ல பதிவு. ஆனால் இதில் புதிதாக என்ன இருக்கிறது? சமூக வலைத்தளம் கத்தி மாதிரி. காயும் நறுக்கலாம், கழுத்தையும் அறுக்கலாம். பயன்படுத்துபவர் கையில்தான் எல்லாமே.

#3 சர்வர்ரூம்

மாலைநேரம் நண்பரே, இந்த உதாரணத்தை மட்டும் விட்டுவிடுவோம். கத்தி யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் இருக்கும். தானாக அடுத்த ஐந்து பேர் கைக்குப் போகாது. "எல்லாம் உபயோகிப்பவர் பொறுப்பு" என்று நாம் சொல்லிக்கொண்டே இருப்பது, இந்தச் செயலிகளைச் செய்து விற்கும் நிறுவனங்களுக்கு மிகவும் வசதி. விரிவாகப் பிறகு எழுதுகிறேன்.

#4 போளூர்பக்கம்

அத்திமூர் எங்க ஊருக்குப் பக்கம். அந்தப் பேரைக் கேட்டாலே இன்னும் எங்களுக்குத் தலை குனிஞ்சுதான் போகுது. வெளியூர்க்காரங்க எழுதறப்ப "படிக்காத கிராமத்து ஜனங்க" அப்படின்னு ஒரு வரியில முடிச்சுடறாங்க. அதனால கொஞ்சம் விவரமா எழுதறேன்.

அந்த வருஷம் சித்திரை பொறந்ததுலேருந்தே வேலூர், திருவண்ணாமலை ரெண்டு மாவட்டத்துலயும் ஒரே பேச்சு: வடநாட்டுலேருந்து ஆளுங்க இறங்கிட்டாங்க, பிள்ளைங்களைத் தூக்கிட்டுப் போறாங்கன்னு. இது எழுத்துல வரல, குரல்பதிவா வந்தது. நம்ம பக்கத்துப் பேச்சுலயே ஒரு ஆள் பேசுவான். "அண்ணே, நான் நேர்ல பார்த்தேன், பிள்ளைங்களை வெளிய விடாதீங்க" அப்படின்னு மூச்சு வாங்கப் பேசுவான். அனுப்பறது யாரு? மாமா, சித்தப்பா, கூடப் படிச்சவன், மகளிர் குழு அக்கா. முகம் தெரியாதவன் அனுப்புனா யாரும் நம்ப மாட்டாங்க. சொந்தக்காரங்க அனுப்புனதாலதான் நம்புனாங்க. ராத்திரி தூங்காம ஊர் எல்லையில கம்போட காவல் இருந்தாங்க.

அப்படிக் காவல் இருந்த ஊருக்குள்ளதான் மே 9-ஆம் தேதி சென்னையிலேருந்து ஒரு குடும்பம் கார்ல வந்தது. குலதெய்வம் கோயிலுக்கு வழி கேட்டாங்க. அங்க விளையாடிக்கிட்டு இருந்த பிள்ளைங்களுக்கு அந்த அம்மா சாக்லேட் குடுத்தாங்க. 65 வயசு இருக்கும் அவங்களுக்கு. அது போதுமா இருந்தது. பயந்துபோய் காரை எடுத்தவங்களை அடுத்த ஊர்ல மறிச்சுட்டாங்க, ஏன்னா காருக்கு முன்னாடி போன் போயிடுச்சு. அந்த அம்மா செத்துட்டாங்க. கூட வந்தவங்களுக்குப் பலத்த அடி. அதே நாள் பழவேற்காட்டுல ஒரு மனுஷனை அடிச்சுக் கொன்னு பாலத்துல தொங்க விட்டாங்க.

அடிச்சதை வீடியோ எடுத்தாங்க. போலீஸ் அந்த வீடியோவை வெச்சுத்தான் ஆளுங்களை அடையாளம் பிடிச்சு உள்ள போட்டாங்க. அப்புறம் அந்தப் பக்கத்து ஊருங்கள்ல ஆம்பளைங்களே இல்லாம போச்சு, கைதுக்குப் பயந்து.

அடையாறுக்கரை சார் சொல்றது சரின்னுதான் எனக்கும் படுது, ஆனா முழுசா இல்ல. உங்ககிட்ட திருப்பி அழைக்க ஒரு நம்பர் இருந்தது. எங்களுக்கு வந்ததுல நம்பரே கிடையாது. "நேர்ல பார்த்தேன்"னு சொன்னவன் யாருன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.

#5 அடையாறுக்கரை

போளூர்பக்கம், இவ்வளவு திறந்து எழுதியதற்கு நன்றி. எண் இல்லை என்பதைக் கூடுதலாக ஒரு வரி எடுத்துச் சொல்ல விரும்புகிறேன். வெள்ளத்தில் நாங்கள் முதல் நாள் கற்றுக்கொண்ட விதியே அதுதான்: எண்ணும் இடமும் நேரமும் இல்லாத தகவல் ஷீட்டில் ஏறக் கூடாது. எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் ஏறக் கூடாது. யாரும் எங்களுக்கு அதைச் சொல்லித் தரவில்லை. வீணாகப் போய்த் திரும்பிய படகுக்காரர்கள் கோபப்பட்ட பிறகு நாங்களே வகுத்துக்கொண்டது. எண் இல்லை என்பதே ஒரு பதில்தான். அதைக் கேட்கும் பழக்கம் நம் குழுக்களில் இன்றும் இல்லை.

#6 பேராவூரணி தென்னை

சென்னை வெள்ளத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஃபேஸ்புக் காப்பாற்றியது, ட்விட்டர் காப்பாற்றியது என்கிறீர்கள். எங்களிடம் வந்து கேளுங்கள்.

2018 நவம்பர் 16 விடியும் முன்னே கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையில் கரையைக் கடந்தது. விடிந்தபோது வேரோடு சாய்ந்த தென்னைகளைத்தான் பார்த்தோம். பேராவூரணி, பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு, முத்துப்பேட்டை, ஆலங்குடி வரைக்கும் இதே கதி. மின்கம்பங்கள் விழுந்து கிடந்தன. செல்போன் டவர் இல்லை. எங்களுக்கு என்ன நடந்தது என்று நாங்களே யாருக்கும் சொல்ல முடியவில்லை. முதல் நாள் தொலைக்காட்சியில் "முன்னெச்சரிக்கை நடவடிக்கையால் பெரும் சேதம் தவிர்ப்பு" என்ற தொனியில் செய்தி ஓடியதாகப் பிறகு சொன்னார்கள். அதைப் பார்க்கக்கூட எங்களுக்குக் கரண்ட் இல்லை.

சென்னையில் மூழ்கியவர்களுக்கு பெங்களூரிலும் அமெரிக்காவிலும் நண்பர்கள் இருந்தார்கள், ஷீட் போடத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். கஜாவில் எங்கள் பிள்ளைகள் சிங்கப்பூரிலும் துபாயிலும் இருந்துகொண்டு, ஊருக்குப் போன் கிடைக்காமல் ஃபேஸ்புக்கில் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் சத்தம் போட்ட பிறகுதான் டெல்டா பக்கம் பலருடைய கவனமே திரும்பியது. தார்ப்பாய், மெழுகுவத்தி, கொசுவத்தி, சானிட்டரி நாப்கின் என்று லாரிகளில் வந்தது. அதை நான் மறக்க மாட்டேன். ஆனால் மெயின் ரோட்டு ஊர்களில் லாரி நின்றது, உள்ளே இருந்த ஊர்களுக்கு வரவில்லை. எந்த ஊரின் பெயர் ஃபேஸ்புக்கில் வந்ததோ அந்த ஊருக்குச் சாமான் குவிந்தது. பெயர் வராத ஊர் காத்துக் கிடந்தது.

எனவே, சமூக வலைத்தளத்தின் ஆபத்து என்றால் எல்லோரும் பொய்ச் செய்தியைச் சொல்கிறீர்கள். எனக்குத் தெரிந்த ஆபத்து வேறு: அங்கே தெரியாதவன் இல்லாதவனாகிவிடுகிறான்.

#7 மாலைநேரம்

பேராவூரணி அய்யா, உங்கள் கடைசி வரிக்குப் பிறகு கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. 2023 டிசம்பரில் தெற்கே பெய்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பதிவானது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ரயில் நின்று ஏறக்குறைய 800 பேர் மாட்டிக்கொண்டார்கள். தாமிரபரணிக் கரையில் பல ஊர்களிலிருந்து இதே கதைதான் வந்தது: சார்ஜ் போய்விட்டது, டவர் போய்விட்டது, ஆள் இருக்கிறார்களா இல்லையா என்பதே தெரியாது.

#8 சர்வர்ரூம்

சொன்னபடி விரிவாக எழுதுகிறேன். தொலைத்தொடர்பு மென்பொருள் துறையில் வேலை செய்கிறேன். வாட்ஸ்அப் நிறுவனத்தோடு எனக்கு எந்தத் தொடர்பும் இல்லை.

அத்திமூருக்கும், அந்த ஜூலை 1-ஆம் தேதி மகாராஷ்டிரத்தில் துலே மாவட்டம் ரெயின்பாடாவில் ஐந்து பேர் அடித்துக் கொல்லப்பட்டதற்கும் பிறகுதான் அந்த நிறுவனம் அசைந்தது. வந்த செய்தி ஃபார்வர்டு செய்யப்பட்டது என்று காட்டும் முத்திரை 2018 ஜூலையில் வந்தது. அதே மாதம் இந்தியாவில் ஒரு நேரத்தில் ஐந்து சாட்டுகளுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாது என்றார்கள். 2019 ஜனவரியில் அந்த வரம்பு உலகம் முழுவதற்கும் வந்தது. 2020 ஏப்ரலில், கொரோனா வதந்திகள் பெருகியபோது, பலமுறை கைமாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஒரே ஒரு சாட்டுக்குத்தான் அனுப்பலாம் என்று சுருக்கினார்கள். அதன் பிறகு அப்படிப்பட்ட செய்திகள் 70 சதவீதம் குறைந்தன என்று நிறுவனமே சொன்னது.

இதை யோசித்துப் பாருங்கள். மனிதர்கள் மாறவில்லை, படிப்பறிவு கூடவில்லை, பண்பாடு திருந்தவில்லை. ஒரு பொத்தானின் விதியை மாற்றினார்கள், 70 சதவீதம் குறைந்தது. அப்படியென்றால் அதற்கு முந்தைய வேகம் இயற்கையானது இல்லை. ஒருவர் தீர்மானித்துக் கட்டிய வேகம் அது. உயிர் போகும் முன்பே அந்த விதியைக் கொண்டுவந்திருக்க முடியும்.

அந்த ஆண்டு இந்தியா முழுக்கச் சுற்றிய வீடியோ ஒன்று உண்டு. பைக்கில் வரும் இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அது பாகிஸ்தானில் கராச்சியில் ஒரு தொண்டு நிறுவனம் எடுத்த விழிப்புணர்வுப் படம். கடைசியில் அவர்களே குழந்தையைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிட்டு, கடத்துவது எவ்வளவு எளிது என்று எச்சரிக்கும் அட்டையைக் காட்டுவார்கள். யாரோ அந்தக் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டு அனுப்பினார்கள். குழந்தைகளைக் காப்பாற்ற எடுத்த படம் மனிதர்களைக் கொல்லப் பயன்பட்டது.

வரம்பு போட்டதால் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். எழுத்தை நகலெடுத்துப் புதிதாக ஒட்டினால் முத்திரை போய்விடும். குரல்பதிவை இன்னொரு போனில் ஓடவிட்டு மறுபடி பதிந்தால் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும்.

#9 திருப்பூர் கட்டிங்மாஸ்டர்

வணக்கமுங்க. பனியன் கம்பெனியில இருக்கறனுங்க. 2023-ல இங்க நடந்ததைச் சொல்லோணும்.

ஜனவரில ஒரு வீடியோ வந்துச்சுங்க. வடநாட்டுத் தொழிலாளிக கூட்டமா நம்மாளுகளைத் துரத்தறாங்கன்னு. தமிழ்க் குழு எல்லாத்துலயும் ஒரே கொந்தளிப்பு. விசாரிச்சா ஒரு டீக்கடை வாசல்ல சிகரெட் புகை விட்டதுல வந்த சண்டைங்க அது. மார்ச்சுல அப்படியே திரும்புச்சு. தமிழ்நாட்டுல பீகார்காரங்களை வெட்டிக் கொல்றாங்கன்னு இந்தியில வீடியோ. போலீஸ் பார்த்தா ஒண்ணு கோயமுத்தூர்ல உள்ளூர்க்காரங்களுக்குள்ள நடந்தது, இன்னொண்ணு பீகார்காரங்க ரெண்டு கோஷ்டிக்குள்ள நடந்த அடிதடி. டிஜிபி சைலேந்திர பாபு வீடியோவுல வந்து மறுத்தாருங்க. பீகார்லருந்து அதிகாரிகளே இங்க வந்து பார்த்துட்டுப் போனாங்க.

ஆனா பயம் பயந்தானுங்க. ஸ்டேசன்ல கூட்டம். ஹோலிக்கு ஊருக்குப் போறவங்களும் அதுல இருந்தாங்க, பயந்து போனவங்களும் இருந்தாங்க. எங்க கம்பெனிப் பசங்க அம்மாகிட்ட இருந்து ராத்திரி பூரா போன் வந்துச்சுங்க, "உடனே கிளம்பி வா"ன்னு. பையன் நல்லா இருக்கான்னு சொன்னாலும் அந்தம்மா நம்பலை. மகன் பேச்சை விட வீடியோவைத்தான் நம்புச்சு.

எது வேலை செஞ்சதுன்னு கேட்டீங்கன்னா, போலீசும் கலெக்டர் ஆபீசும் இந்தியிலயே பேசுனதுதானுங்க. இந்தி தெரிஞ்ச ஆளுகளைப் போட்டு உதவி எண் குடுத்தாங்க. நாங்க எங்க பசங்களை மெசின் முன்னாடி நிக்க வெச்சு வீட்டுக்கு வீடியோ கால் போடச் சொன்னோம். பின்னாடி மெசின் ஓடறது அவங்க வீட்டுக்குத் தெரியோணும், அவ்வளவுதான். அதே வாட்ஸ்அப்புதானுங்க பயத்தையும் கொண்டாந்துச்சு, அதுலயேதான் ஆத்தவும் முடிஞ்சுது.

#10 அக்குறணை

இலங்கையிலருந்து எழுதுறன். கண்டிக்குப் பக்கத்தில, அக்குறணை. இங்க எல்லாரும் "அரசாங்கம் தடை செய்யோணும்" என்று கேட்கப் போறீங்க எண்டு பயமா இருக்கு, அதுக்காகத்தான் எழுத வந்தன்.

2018 பெப்ரவரி கடைசியில அம்பாறையில ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில, சிங்களவங்களுக்கு மலட்டு மாத்திரை கலந்து குடுக்கிறாங்க எண்டு ஒரு கதை. அப்பிடி ஒரு மாத்திரையே உலகத்தில இல்ல. கடையையும் பள்ளிவாசலையும் அடிச்சாங்க. மார்ச் தொடக்கத்தில கண்டிப் பக்கம் திகன, தெல்தெனிய, பிறகு எங்கட ஊர்ப் பக்கமும் அடிச்சாங்க. ஃபேஸ்புக்கில சிங்களத்தில வெளிப்படையாகவே அடியுங்க, எரியுங்க எண்டு எழுதினாங்க. முறைப்பாடு செஞ்சா, விதிகளை மீறல்ல எண்டு பதில் வரும். சிங்களம் தெரிஞ்ச ஆக்கள் அந்தக் கம்பனியில போதுமான அளவு இருக்கல்ல. 2020 மே மாதம் அவங்களே மன்னிப்புக் கேட்டாங்க. எரிஞ்ச கடைக்கு அது என்ன செய்யும்?

மார்ச் 7-ஆம் திகதி அரசாங்கம் ஃபேஸ்புக், வாட்ஸ்அப், வைபர், இன்ஸ்டகிராம் எல்லாத்தையும் முடக்கிச்சு. ஒரு கிழமை அளவில முடக்கம். ஊரடங்குச் சட்டம் வேற. எங்களுக்கு அப்ப தேவைப்பட்டது, பக்கத்து ஊர்ல என்ன நடக்குது, உம்மா வாப்பா எப்பிடி இருக்கிறாங்க எண்ட தகவல். அது நிண்டு போச்சு. எரிக்க வந்தவங்க விபிஎன் (முடக்கத்தைத் தாண்டிப் போற செயலி) போட்டுக் கொண்டு திரிஞ்சாங்க. பயந்தவங்க வாயைத்தான் கட்டினாங்க. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகும் அதே முடக்கம்.

போளூர் சகோதரர் எழுதினதை வாசிக்கேக்க மனசு கனத்துப் போச்சு. உங்கட ஊர்ல அறியாத ஆளைக் கண்டு பயந்தாங்க. எங்கட ஊர்ல வருசக் கணக்கா ஒண்டா இருந்தவங்களுக்கு நடுவிலயே பயத்தை விதைச்சாங்க.

#11 சர்வர்ரூம்

அக்குறணை சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். முடக்கம் என்பது அரசு எதையோ செய்ததாகக் காட்டும் வழி. மொழி தெரிந்த ஆள்களை வேலைக்கு வைப்பது செலவு. அந்தச் செலவை எந்த நிறுவனமும் தானாகச் செய்யாது என்பதுதான் இலங்கையில் தெரிந்தது.

#12 டீச்சரம்மா

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் பாடம் எடுக்கிறேன். பிள்ளைகளைப் பற்றி யாருமே பேசவில்லையே? இன்ஸ்டகிராமில் தோழியின் படத்தை எடுத்துப் போலிக் கணக்கு தொடங்குவது, வகுப்புக் குழுவில் ஒருத்தியை எல்லோரும் சேர்ந்து கேலி செய்வது, ரீல்ஸ் பார்த்துத் தூங்காமல் வகுப்பில் சாய்வது எல்லாம் தினமும் பார்க்கிறேன். ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்குக் கீழே கணக்கே கூடாது என்று 2024 நவம்பரில் சட்டம் கொண்டுவந்தார்கள். இங்கே 2023-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தரவைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. பெற்றோரின் போனிலேயே, பெற்றோரின் எண்ணிலேயே பிள்ளை உள்ளே போகும்போது யாரிடம் ஒப்புதல் கேட்பார்கள்?

#13 அடையாறுக்கரை

டீச்சர், இது தனி இழைக்கு உரிய பெரிய விஷயம். தயவுசெய்து தொடங்குங்கள், கண்டிப்பாக வருகிறேன். படிக்கும் பெற்றோருக்காக இரண்டு எண்களை மட்டும் இங்கே போட்டுவைக்கிறேன்: இணையத்தில் பணம் பறிபோனால் 1930, குழந்தைகளுக்கான உதவிக்கு 1098.

#14 நேர்மைராஜா

இவ்வளவு பேச்சு எதற்கு? முதலில் அனுப்பியவனைப் பிடித்து உள்ளே போட்டால் அடுத்தவன் அனுப்ப மாட்டான். வாட்ஸ்அப் ஏன் அவன் எண்ணைத் தர மறுக்கிறது?

#15 சர்வர்ரூம்

இந்தக் கேள்வி நம் சென்னை உயர் நீதிமன்றத்திலேயே விரிவாக விவாதிக்கப்பட்டது. வாட்ஸ்அப்பில் 2016 ஏப்ரல் முதல் செய்திகள் முழுக்க மறையாக்கம் செய்யப்படுகின்றன. நடுவில் உள்ள நிறுவனத்தாலும் படிக்க முடியாது. சென்னை ஐஐடி பேராசிரியர் வி. காமகோடி, ஒவ்வொரு செய்தியோடும் முதலில் அனுப்பியவரின் அடையாளத்தையும் சேர்த்து அனுப்ப வைக்கலாம் என்று நீதிமன்றத்தில் யோசனை சொன்னார். மும்பை ஐஐடி பேராசிரியர் மனோஜ் பிரபாகரன் அதில் உள்ள சிக்கல்களை எடுத்துச் சொன்னார்: குற்றவாளி அந்த அடையாளத்தை எளிதில் திரித்துவிடலாம், அப்பாவி மாட்டிக்கொள்வார். வழக்கு பிறகு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2021-ல் மத்திய அரசின் ஐ.டி. விதிகள் முதல் அனுப்புநரைக் கண்டுபிடித்துத் தர வேண்டும் என்றன. வாட்ஸ்அப் டெல்லி உயர் நீதிமன்றத்தில் அதை எதிர்த்தது.

நான் மனோஜ் பிரபாகரன் பக்கம். ஒரு உதாரணம். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுத் தடையை எதிர்த்து மெரினாவில் கூடிய இளைஞர்களை யார் அழைத்தார்கள்? வாட்ஸ்அப்பும் ஃபேஸ்புக்கும்தான். ஒரு கட்சி இல்லை, ஒரு தலைவர் இல்லை. 17-ஆம் தேதி தொடங்கி, 21-ஆம் தேதி அவசரச் சட்டம், 23-ஆம் தேதி சட்டமன்றத்தில் மசோதா. ஜல்லிக்கட்டு பற்றி உங்கள் கருத்து எதுவாகவும் இருக்கட்டும். "முதலில் மெரினாவுக்கு வா என்று எழுதியது யார்" என்று ஒரே பொத்தானில் தெரிந்துகொள்ளும் வசதி அன்று இருந்திருந்தால், 23-ஆம் தேதி காலை கடற்கரையிலிருந்து கூட்டத்தை அப்புறப்படுத்திய அதே கைகளில்தான் அந்தப் பட்டியலும் இருந்திருக்கும்.

#16 நேர்மைராஜா

அப்படியென்றால் அத்திமூரில் செத்த அம்மாவுக்கு என்ன நியாயம்? உங்கள் கொள்கைக்காகக் குரல்பதிவு அனுப்பியவன் நிம்மதியாக இருக்கலாமா? என்னால் இதை ஏற்க முடியவில்லை.

#17 போளூர்பக்கம்

நேர்மைராஜா அண்ணே, உங்க கோபம் எனக்கும் இருக்கு. ஆனா ஒண்ணு யோசிங்க. அந்தக் குரல்பதிவை ஆயிரக்கணக்கான ஊருங்க கேட்டிருக்கும். எல்லா ஊர்லயும் கொலை நடக்கல. சில ஊர்ல வெளியாளுங்களைப் பிடிச்சு உட்கார வெச்சு, தண்ணி குடுத்து, போலீசுக்குப் போன் பண்ணாங்க. விசாரிச்சா துணி விக்கிறவங்க, பஞ்சு மிட்டாய் விக்கிறவங்க. அனுப்புனவன் ஒருத்தன்தான், முடிவு ஊருக்கு ஊர் மாறுச்சு. போலீசுக்குப் போன் பண்ணச் சொன்ன ஒரு பெரியவரோ ஒரு டீச்சரோ அங்க இருந்தாங்க. அத்திமூர்ல அந்த நேரத்துல அப்படி ஒருத்தர் பேச்சு எடுபடல.

அடையாறுக்கரை சார் முதல் பதிவுல சொன்ன, திருப்பிக் கேக்கற ஆள் இவங்கதான்.

#18 நேர்மைராஜா

அனுப்பியவனுக்கும் தண்டனை வேண்டும் என்பதில் மாற்றமில்லை. ஆனால் நீங்கள் சொல்வதும் புரிகிறது.

#19 அடையாறுக்கரை

மழைக்காலத்துக்கு முன் எங்கள் குடியிருப்புக் குழுவின் விவரக்குறிப்பில் போடுவதற்கு ஒரு வாசகம் எழுதியிருக்கிறேன். திருத்துங்கள்:

"உதவி கேட்டோ எச்சரித்தோ எதைப் பகிர்ந்தாலும் இடம், தேதி, நேரம், பேசக்கூடிய ஒரு தொலைபேசி எண் கட்டாயம். எண் இல்லாத தகவலை நிர்வாகிகள் நீக்குவார்கள், அனுப்பியவர் வருத்தப்பட வேண்டாம். எண் இருந்தால் பகிர்வதற்கு முன் நீங்களே ஒருமுறை அழையுங்கள். மீட்பு முடிந்ததும் 'முடிந்தது' என்று அதே குழுவில் எழுதுங்கள்."

#20 பேராவூரணி தென்னை

ஒன்று சேருங்கள். மழை தொடங்கும் முன்பே ஒவ்வொரு தெருவிலும் போன் இல்லாத வீடுகள், தனியாக இருக்கும் முதியவர்கள், டயாலிசிஸ் போகிறவர்கள் பெயரைத் தாளில் எழுதி இருவரிடம் கொடுத்து வையுங்கள். டவர் விழுந்த பிறகு உங்கள் குழு இல்லை, அந்தத் தாள்தான் இருக்கும். கஜாவுக்குப் பிறகு எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அப்படி ஒரு நோட்டு வைத்திருக்கிறார்கள். வருடா வருடம் புரட்டாசியில் திருத்துகிறார்கள்.

#21 திருப்பூர் கட்டிங்மாஸ்டர்

நம்ம ஊருல இருக்கற வடநாட்டுக் குடும்பங்களையும் அந்த நோட்டுல எழுதுங்க. அவங்க எந்தக் குழுவுலயும் இருக்க மாட்டாங்க.

#22 போளூர்பக்கம்

சார், வாசகம் நல்லா இருக்கு. எங்க ஊர்க் குழுவுக்கும் எடுத்துக்கறேன். ஒரே ஒரு விஷயம்: எழுத்துல போட்டா எங்க பக்கம் பாதிப் பேர் படிக்க மாட்டாங்க. வதந்தி குரல்ல வந்தது, மறுப்பு மட்டும் பேப்பர்ல அறிக்கையா வந்தது. அதனாலதான் அன்னிக்கு எடுபடல. இதை எங்க பேச்சுலயே, எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு பொம்பளைக் குரல்ல பதிவு பண்ணலாம்னு இருக்கேன். ரேஷன் கடையில இருக்கற அக்காகிட்ட கேட்டேன், சரின்னு சொல்லியிருக்காங்க. எவ்வளவு நேரம் இருக்கணும்?

#23 சர்வர்ரூம்

ஒரு நிமிடத்துக்குள் முடியுங்கள், அதற்கு மேல் போனால் கேட்காமல் விட்டுவிடுவார்கள். தொடக்கத்திலேயே அந்த அக்கா தன் பெயரையும் ஊரையும் பதிவு செய்யும் தேதியையும் சொல்லட்டும். தன் எண்ணையும் சொல்லச் சம்மதிப்பார்களா என்று கேளுங்கள். தயங்கினால் காவல் நிலைய எண்ணைப் போடுங்கள்.

#24 போளூர்பக்கம்

கேட்டுட்டேன். அவங்க நம்பரையே குடுக்கச் சொல்லிட்டாங்க. ஞாயித்துக்கிழமை பதிவு பண்றோம்.